முதுகில் விழுந்த கல்

என் மனுசனுக்கு நான் கல்லெறிவது ஊருக்கே தெரியும். சண்டை பிடித்து எறிவதில்லை. சண்டைக்கு எனக்கு வாய் போதும். அவருக்குக் காது கேட்காது. கடைசி யுத்த காலத்தில் பக்கத்தில் விழுந்து வெடித்த செல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. வயலில் அந்தத் தலைப்பில் நின்று வரம்பு கட்டுகிறவரை இந்தத் தலைப்பில் நிற்கிற நான் எப்படிக் கூப்பிடுவது? தொண்டை கிழியக் கத்தினால் கொக்குத்தான் எழும்பிப் பறக்கும். அதனால் நெல்லிக்காய் அளவில் ஒரு மண்கட்டியையோ சின்னக் கல்லையோ எடுத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் படும்படி எறிவேன். அவர் நிமிர்ந்து திரும்பிப் பார்ப்பார். சாப்பாடு என்றோ, மாடு பயிருக்குள் இறங்கிவிட்டது என்றோ கையால் காட்டுவேன்.

இத்தனை வருசப் பழக்கத்தில் என் குறி தப்புவது குறைவு. கலியாண வீடுகளில் பெண்டுகள் கூடினால் என் கதைதான். "இவ கல்லெறிஞ்சே குடும்பம் நடத்திறா" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு இன்னொரு வடையை எடுப்பேன். அவர் ஒருநாளும் திருப்பி எறிந்ததில்லை. எறிய வேண்டிய தேவையும் இல்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் ஊர் வவுனியாவுக்கு வடக்கே, குளமும் காடும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலை என்று நான் சொன்னால் என் மாமா பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். மாமா குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. ஒருமுறை இங்கே வந்தபோது மாமாவின் மகள் இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு மலையா? எங்க லயத்துக்குப் பின்னால இருக்கிற மேடு இதவிட ஒசரம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வன்னியில் நிலமெல்லாம் தட்டை. தட்டையில் கிடக்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே எது நின்றாலும் மலைதான்.

உச்சியில் மொட்டைப் பாறை. அதன் கீழே சரிவு முழுக்கப் பாலையும் வீரையும் முதிரையும், இடையிடையே வீட்டளவு கற்கள். கல் இல்லாத இடத்தில் இடுப்பளவு இலுக்குப் புல். சில இடங்களில் வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், இறங்கும்போது குந்தியிருந்து சறுக்க வேண்டும். விறகுக்காரரும் தேன் எடுக்கிறவர்களும் தவிர வேறு ஆட்கள் அங்கே போவதில்லை. மலையடி வரைக்கும் கண்ணிவெடி கிண்டித் துப்புரவாக்கித் தந்திருந்தார்கள். மேலே ஒன்றும் கிடந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வருசம் சிறுபோக நெல் வெட்டி முடிந்து, ஆவணியும் பாதி போய், மழை எட்டியும் பார்க்கவில்லை. சோளகக் காற்று புழுதியை வாரி வாரிக் குசினிக்குள் கொட்டியது. அப்போதுதான் மலையின் அந்தப் பக்கத்தில் நெருப்புப் பிடித்தது. காட்டை வெட்டி எரித்துப் பயிர் வைக்கிற சேனைக்காரரின் நெருப்பு என்று தேன் எடுக்கிறவர்கள் சொன்னார்கள். தேனீயைக் கலைக்கக் கொளுத்திய பந்தம் என்று சேனைக்காரர் சொன்னார்கள். இரண்டு பகுதியும் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்கள்.

நெருப்பு மலை ஏறுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் இறக்கத்தில் ஓடுகிற மாதிரி அது ஏற்றத்தில் ஓடுகிறது. கீழே எரிகிற சூடு மேலே நிற்கிற மரத்தை முதலே வறுத்து வைத்துவிடுகிறது. நெருப்பு போய்ச் சேரும்போது அது பத்தத் தயாராக நிற்கும். அந்தப் பக்கச் சரிவு முழுவதையும் ஒரே பின்னேரத்தில் தின்றுவிட்டு உச்சியைத் தாண்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. இறக்கத்தில் அதற்கு வேகம் இல்லை. மெல்ல மெல்ல, சருகு சருகாக இறங்கியது. மலையடியில் நாங்கள் வைக்கோலைக் குவித்து வைத்த சூடுகளும், மாட்டுக் கொட்டில்களும், கிடுகால் வேய்ந்த வீடுகளும் இருந்தன.

அடுத்த நாள் விடிய, குளக்கட்டில் எல்லாரும் கூடினோம். ஊர் ஆம்பிளைகள், மாதர் சங்கத்துப் பெண்டுகள், காம்பில் இருந்து வந்த ஆமிப் பெடியன்கள். எங்களுக்குப் பொறுப்பாக ஒரு வன அதிகாரி வந்திருந்தார். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், காக்கி உடுப்பு, கரகரத்த குரல். பிரதேச சபையின் தண்ணி பவுசர் வண்டி மலையடியில் நின்றுவிட்டது. அதன் குழாய் முதல் பாறைக்கே எட்டவில்லை. பவுசரையே நம்பியிருந்த எங்கள் சங்கத் தலைவி, "இனி என்ன செய்யிறது ஐயா?" என்று கேட்டா.

"தண்ணியால இத அணைக்க ஏலா அக்கா" என்றார் அதிகாரி. "சாப்பாட்ட நிப்பாட்டணும். தின்ன ஒண்டும் இல்லையெண்டா தானாப் படுத்திரும்."

திட்டம் லேசாகத்தான் இருந்தது. மேலே மொட்டைப் பாறை, அதில் எரிய ஒன்றும் இல்லை. கீழே குளம், அதிலும் ஒன்றும் இல்லை. பாறையிலிருந்து குளம் வரை, சரிவில் சாய்வாக, வாய்க்கால் போல் ஒரு பள்ளம் இறங்கியது. அந்தப் பள்ளத்தின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரு வண்டில் பாதை அகலத்துக்குப் புல், சருகு, பற்றை எல்லாம் வாரி எறிந்து வெறும் மண் தெரியச் செதுக்க வேண்டும். நெருப்பு அந்த மண்ணுக்கு வந்து நிற்கும். நிற்காவிட்டால் நாங்களே அந்த ஓரத்தில் கொளுத்தி, வருகிற நெருப்பை நோக்கி எரிய விட வேண்டும். இரண்டும் முட்டிச் சாகும்.

ஆனால் சரிவு என்றால் இன்னொரு தொல்லை இருக்கிறது. எரிகிற கட்டை உருளும். நாங்கள் செதுக்கிய பாதையை ஒரே பாய்ச்சலில் தாண்டிக் கீழே புல்லில் போய் விழும். அங்கே பிடித்தால் நெருப்பு எங்கள் காலடியில். பிறகு அது மேல்நோக்கி ஓடி வரும், நாங்கள் மேலே நிற்போம். அதனால் பாதையின் கீழ் விளிம்பில் ஒரு கான் வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் அணைபோலக் குவிக்கச் சொன்னார். உருளுகிற கட்டை அதில் விழுந்து கிடக்கும். கான் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்பா தோட்டத்தில் கான் வெட்டின ஆள். சரிவில் எப்படிக் காலை ஊன்றி மண்வெட்டி போடுவது என்று எங்கள் வீட்டில் கோழிக்கும் தெரியும்.

கடைசியாக அதிகாரி தப்பி ஓடுகிற வழியைச் சொன்னார். சங்கத் தலைவி உச்சிப் பாறையில் நின்று நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஊதுகிற விசில் அவவின் கழுத்தில். நெருப்பு பாதையைத் தாண்டினால் ஊதுவா. விசில் கேட்டால் மேலே நிற்கிறவர்கள் மொட்டைப் பாறைக்கு ஓட வேண்டும், கீழே நிற்கிறவர்கள் குளத்துக்கு ஓட வேண்டும். கத்தி, மண்வெட்டி ஒன்றையும் பொறுக்கக் கூடாது.

"இவருக்கு விசில் கேக்காது ஐயா" என்றேன்.

"அப்ப அவர் கீழ பவுசரோட நிக்கட்டும்."

நான் கையால் அதைச் சொல்லிக் காட்டினேன். என் மனுசன் யாழ்ப்பாணத்து ஆள், வட்டக்கச்சியில் குடியேற்றத்தில் வளர்ந்தவர், கதை குறைவு, பிடிவாதம் கூட. கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு, தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் ஊருக்கே கேட்கச் சொன்னார்: "சாய்ஞ்சு நிக்கிற மரங்களை ஆர் வெட்டுறது? இவை வெட்டினால் தங்கட தலையிலதான் விழுத்துவினம். நான் மேல போறன். இவ எனக்குப் பின்னால நிண்டு எறியட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிக்கு விளங்கவில்லை, விளக்கினதும் அவரும் சிரித்தார். அப்படித்தான் முடிவானது. அவர் மேலே மரம் வெட்டுவார். நான் கல் எட்டுகிற தூரத்தில் கீழே கான் வெட்டுவேன். விசில் ஊதினால் நான் எறிவேன். கல் போடப் பை வேண்டுமென்று என் மனுசனின் பழைய சேர்ட்டைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, குளக்கட்டிலேயே நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கிப் பையை நிரப்பினேன்.

காலை முழுக்க வேலை ஒழுங்காகத்தான் போனது. எங்களுக்கு இடது கைப்பக்கம் நெருப்பு புகைந்து புகைந்து இறங்கி வந்தது. அது தின்றுவிட்டு விட்ட இடம் கறுப்பாய்க் கிடந்தது. சூட்டில் பாறை வெடித்து டப்பென்று சத்தம் வந்தபோது எல்லாரும் ஒருதரம் உறைந்து நின்றோம். "பாறதான், பாறதான்" என்று அதிகாரி கத்தினார். உடனே எல்லாரும் தேவைக்கு மேலே சிரித்தோம். ஒருத்தி, "எனக்கு ஒண்டுக்குப் போட்டுது" என்றாள். மற்றவள், "எனக்கும்தான், அதால கொஞ்சம் நெருப்பு அணைஞ்சிருக்கும்" என்றாள். கட்டைகள் உருண்டு வந்தன. "உருளுது!" என்று மேலே ஆள் கத்த, கீழே இருக்கிறவர்கள் விலகி, அது கானுக்குள் விழுந்ததும் மண்ணைப் போட்டு மூடினோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாமாவின் மகள் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது என் மனுசன் பள்ளத்தின் வளைவைத் தாண்டி மேலே போயிருந்தார். முதுகும், ஏறி இறங்குகிற கோடரியும் தெரிந்தன. என் கல் அங்கே எட்டாது என்று எனக்கு விளங்கியது.

"ஐயா, நான் மேல போகோணும். இவர் தூரப் போயிட்டார்."

"இந்த மூலயில கான் ஆழம் இல்ல அக்கா. இத மட்டும் வெட்டிட்டுப் போங்க, கட்ட வந்தா இதாலதான் பாயும்."

அது உண்மைதான். நான் குனிந்து வெட்டினேன்.

பிறகு வெடித்தது.

பாறை இல்லை. பாறை வெடிக்கிற சத்தம் காதில் விழும். இது நெஞ்சுக்குள் விழுந்தது. எரிந்து முடிந்த கறுப்புப் பக்கத்தில், மண்ணுக்குள் எத்தனையோ வருசமாகக் கிடந்த ஏதோ ஒன்று சூடேறி வெடித்திருக்கிறது. அதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரம் யோசனை என்று ஒன்று இருக்கவில்லை. மண்வெட்டி எங்கே போனதென்று தெரியாது. நான் குப்புறக் கிடந்தேன். நெற்றி மண்ணில், இரண்டு கையும் பிடரியில், வாய் திறந்தபடி. வாயைத் திறந்து வைத்தால் காது கிழியாது என்று யுத்த நேரத்தில் எங்களுக்கு யாரோ சொல்லித் தந்தது. அதைக்கூட உடம்பு மறக்கவில்லை.

எல்லாரும் கிடந்தோம். கான் நெடுக, மேலிருந்து கீழ்வரை, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தது. எனக்குப் பக்கத்தில் அதிகாரியும் காக்கி உடுப்போடு குப்புறக் கிடந்தார். மட்டக்களப்பு ஆளுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நின்றவர்கள் ஆமிப் பெடியன்கள் மட்டும்தான். இருபது வயது மதிப்பான பிள்ளைகள். சண்டை முடிந்தபோது பால்பல் விழுந்துகொண்டிருந்திருக்கும். அவர்கள் கையில் பச்சைக் குழையோடு நின்று, கிடக்கிற எங்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமி நிற்கிறது, சனம் கிடக்கிறது.

ஒரு செல் தனியாக வராது. அடுத்தது வரும்வரை தலையைத் தூக்கக் கூடாது. அதுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம். அந்தச் சட்டத்தின்படி நாங்கள் காத்துக் கிடந்தோம். என் இடது கை பிடரியை விட்டு இறங்கிப் பக்கத்தில் மண்ணைத் துழாவியது. எதைத் தேடுகிறது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. மகளைத் தேடுகிறது. தலையைப் பிடித்து மண்ணோடு அமத்துவதற்கு. மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னைவிட உயரம்.

உச்சியிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஊதுகிற சத்தம் இல்லை. பீ, பீ, பீ என்று மூச்சு வாங்குகிற மாதிரி. சங்கத் தலைவியும் பாறையில் குப்புறக் கிடந்திருக்கிறா, விசில் வாயில். பிறகு கேட்டபோது, தான் ஊதவில்லை என்று சத்தியம் பண்ணினா. அவவின் மூச்சுத்தான் ஊதியிருக்கிறது.

"அக்கே! நெகிட்டின்ன! நெகிட்டின்ன!" ஒரு ஆமிப் பெடியன் என் கையைப் பிடித்து இழுத்தான். சிங்களத்தில் எழும்பச் சொல்கிறான். முகத்தில் சூடு அடித்தது. தலையைத் தூக்கினேன்.

வெடித்த அதிர்வில் எரிகிற பாலைமரக் கட்டை ஒன்று கழன்று உருண்டு வந்திருக்கிறது. "உருளுது" என்று கத்த ஆள் இல்லை. மண் போட ஆள் இல்லை. கான் ஆழமில்லாத மூலையால், எனக்கு மேலே, அது தாண்டிப் பாய்ந்து பள்ளத்து இலுக்குப் புல்லில் விழுந்துவிட்டது. இப்போது நெருப்பு எனக்கும் என் மனுசனுக்கும் நடுவில் நின்றது. நின்றது என்பது பிழை. அது மேல்நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது. மேலே அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கோடரி ஏறியது, இறங்கியது. அவருக்குக் கால்வழியே அதிர்வு தெரிந்திருக்கும்; ஏதோ மரம் விழுந்தது என்று நினைத்திருப்பார்.

பைக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தேன். எறிந்தேன். பாதித் தூரத்தில் புகைக்குள் விழுந்தது. இரண்டு அடி மேலே ஓடினேன், மற்றக் கல்லை எடுத்தேன், கையை ஓங்கினேன். அப்போது இரண்டாவது வெடித்தது.

நான் மறுபடி விழுந்தேன். வேண்டுமென்று விழவில்லை. என் மனுசன் அங்கே எரியப்போகிறார் என்று என் தலைக்குத் தெரியும், ஆனால் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எழும்பு எழும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன். முழங்கால் மண்ணோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. சின்னச் சின்னதாக இன்னும் வெடித்தது, சோளம் பொரிகிற மாதிரி. புகை தலைக்கு மேலே போனது. கான் மண்ணின் ஈரம் மூக்கில் அடித்தது. மேலே கோடரிச் சத்தம் நின்றுவிட்டது.

அது நின்றதும் எனக்குள் எல்லாம் நின்றது. அழுகை வரவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். காது கேட்காத மனுசனை ஏன் மலைக்கு விட்டாய் அம்மா என்று கேட்பாள். கேட்கட்டும். அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

முதுகில் ஒன்று விழுந்தது.

செல் விழுந்தால் பிறகு மண்ணும் கல்லும் மழை மாதிரிக் கொட்டும். அதுதான் என்று நினைத்து இன்னும் மண்ணோடு அமுங்கிக் கிடந்தேன். மறுபடி ஒன்று விழுந்தது. அதே இடத்தில். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். மூன்றாவதும் அங்கேயே விழுந்தது. வானத்திலிருந்து கொட்டுகிற மண் இப்படி இடம் பார்த்து விழாது.

திரும்பிப் பார்த்தேன். அவர் நின்றார். எனக்கு மேலே இல்லை. இடது பக்கத்தில், கறுப்பு நிலத்தில், வயலில் ஒரு வரம்புக்கும் மற்ற வரம்புக்கும் இருக்கிற தூரத்தில். கீழேயிருந்து வந்த சூடு அவரைத் திருப்பியிருக்கிறது. நெருப்பை முந்திப் பாறைக்கு ஓட முடியாது என்று கண்டு, எரிந்து முடிந்த பக்கத்துக்குள் பாய்ந்து இறங்கி வந்திருக்கிறார். அதுதான் வெடித்த பக்கம். அடுத்தது எங்கே கிடக்கிறதோ என்று நாங்கள் மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்த அதே நிலத்தால், ஒன்றும் தெரியாமல் நடந்து வந்திருக்கிறார். தலைமயிர் கருகியிருந்தது. செருப்பு உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. வலது கை ஓங்கியபடி இருந்தது. அதில் இன்னொரு கல்.

நான் கையைத் தூக்கினேன். ஓடி வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தக் கல்லை எனக்குப் பக்கத்தில் கிடந்த அதிகாரியின் முதுகுக்கு எறிந்தார். அதிகாரி துள்ளித் திரும்பிப் பார்த்தார். என் மனுசன் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தார். அதிகாரிக்கு அங்காலே கிடந்தவளுக்கு எறிந்தார். அவள் எழும்பி இருந்தாள். அடுத்தவருக்கு எறிந்தார். இப்படி ஒவ்வொருவராக. கல் படப் பட ஊர் எழும்பியது.

"போதும், எல்லாரும் இருக்கினம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்று நான் கத்தினேன். கேட்குமா? கையால் சொல்லலாம் என்றால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே ஒருத்தி இரண்டு கல்லுக்கும் அசையவில்லை. மூன்றாவதை எடுத்தவர் எறியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சறுக்கி இறங்கிப் போய் அவளின் தோளைப் பிடித்து உலுப்பினேன். அவள் விசும்பிக்கொண்டு தலையைத் தூக்கினாள். அப்போதுதான் என் மனுசன் அந்தச் சாம்பலுக்குள் குந்தினார்.

அதிகாரி எங்களை எல்லாம் மலையடிக்கு இறக்கிவிட்டார். மேல் பாதை போய்விட்டது, அதற்காக இனி ஆளைக் கொடுக்கேலாது என்றார். மலையைச் சுற்றிப் போகிற வண்டில் பாதையைப் பிடித்து அங்கே அகலமாகச் செதுக்கி, தும்பு மட்டையில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்தி, மேலே இருந்து இறங்கிய நெருப்பை நோக்கி எரிய விட்டோம். அங்கே பவுசரின் குழாயும் எட்டியது. ஆமிப் பெடியன்களும் நாங்களும் குழையால் அடித்தோம். இரண்டு வைக்கோல் சூடு போனது, ஒரு கொட்டில் போனது. வீடுகள் தப்பின. அடுத்த நாள் பின்னேரம் நெருப்பு பாதைக்கு உள்ளேயே பசித்துப் படுத்துவிட்டது. பிறகு கண்ணிவெடி கிண்டுகிறவர்கள் வந்து மலையைச் சுற்றி மண்டையோட்டுப் பலகை நட்டார்கள்.

வெடித்த அன்றைக்குப் பின்னேரம் கிணற்றடியில் இருத்தி அவரின் காலைக் கழுவினேன். செருப்பு ஒட்டிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காட்டினால் நாளைக்கு என்று காட்டினார். எனக்கு ஆறவில்லை. உயிர் தப்பி வந்த மனுசன் பெண்சாதி கிடக்கிறதைக் கண்டால் ஓடிவந்து தூக்க மாட்டாரா? கல்லெறிகிறதா? அந்தக் கோபத்தோடு ஒவ்வொரு விரலாலும் கேட்டேன். ஏன் கிட்ட வரேல்லை? ஏன் தொட்டுப் பாக்கேல்லை?

கடைசிச் சண்டையில் நானும் மகளும் முதலில் ஆமிப் பக்கம் கடந்து வந்துவிட்டோம்; அவர் தன் அம்மாவோடும் சகோதரங்களோடும் பின்னுக்கு நின்றவர். முகாமில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது காது இல்லை, அவரோடு நின்றவர்களில் ஒருவரும் இல்லை. செல் விழுந்தது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அண்டைக்கும் எல்லாரும் இப்பிடித்தான் குப்புறக் கிடந்தவை" என்றார். அவர் கதைப்பது எப்போதும் உரத்துத்தான். அயல் வளவுகளில் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. "எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. சண்டை நிண்டுட்டுது எண்டு நினைச்சிட்டன். ஏன் இன்னும் எழும்பாமல் கிடக்கினம் எண்டு ஒவ்வொருத்தரையாப் பிரட்டிப் பாத்தனான். தங்கச்சியை. அண்ணையை. அம்மாவைக் கடைசியா."

நான் அவரின் காலைப் பிடித்தபடி இருந்தேன்.

"கல்லெறிஞ்சால் இருக்கிற ஆக்கள் திரும்பிப் பாப்பினம்" என்றார். "இல்லாத ஆக்களை நான் தொடத் தேவையில்லைத்தானே."

சொல்லிவிட்டு எழும்பி, அடுத்த வாளி தண்ணீருக்குக் கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டார்.